கொதிநீர்க் குழாயா, கேத்திலும் பிளாஸ்க்குமா? கொழும்புக் குசினிக்கு எது சரி

லண்டனில் இருந்தும் மெல்பேர்னில் இருந்தும் விடுமுறைக்கு வரும் சொந்தக்காரர்கள் எங்கள் குசினிகளைப் பார்த்துவிட்டு இப்போது அடிக்கடி சொல்வது இதுதான்: "கொதிதண்ணி வாற பைப் ஒண்டு பூட்டுங்கோ, கேத்திலே தேவைப்படாது." வெள்ளவத்தையில் தொடர்மாடி வீட்டுக் குசினியைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் என் மச்சாளும் அதே யோசனையில்தான் இருக்கிறார். நான் அவருக்குச் சொன்ன பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் பெரும்பாலான வீடுகளுக்கு இது தேவையில்லை. ஆனால் சில வீடுகளுக்கு நல்ல கேத்திலை விட இதுவே உகந்தது. உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்குத்தான் இந்த அலசல்.

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். சிங்கின் கீழே சிறிய தொட்டி ஒன்று இருக்கும். குழாய் நீர் அதற்குள் போய்ச் சூடாகி, எந்நேரமும் சூடாகவே நிற்கும். பிடியைத் திறந்தால் புதிய தண்ணீர் உள்ளே தள்ள, சுடுநீர் மேலே வரும். இந்தத் துறையில் பெயர் பெற்ற குவூக்கர் நெதர்லாந்துக் கம்பனி. உடனடி சூப் தயாரிக்கும் வேலையில் இருந்த ஹென்றி பெட்டேரி என்பவருக்கு 1970இல் வந்த யோசனை அது. அவர்களுடைய தொட்டியில் தண்ணீர் அழுத்தத்தில் 100 பாகைக்கும் மேலே நிற்பதால், வெளியே வரும்போது உண்மையாகவே கொதிக்கும். வேறு பல மாதிரிகள் 98 பாகைக்குக் கிட்டத் தருகின்றன. தேத்தண்ணிக்கு அது தாராளம்.

அடுத்தது மின்சாரம். விற்பவர்கள் முதலில் சொல்லும் சேமிப்பு இதில்தான், அதனால் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கொழும்பில் குழாயில் வரும் தண்ணீரே ஏறக்குறைய 28 பாகை. அதில் ஒரு லீற்றரைக் கொதிக்க வைக்க 0.084 யூனிட் போதும். கேத்திலின் இழப்பையும் சேர்த்தால் 0.1 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு 4 லீற்றர் கொதிக்க வைக்கும் குடும்பத்துக்கு மாதம் 12 யூனிட். கொதிநீர்க் குழாய்க்கும் இதே அளவு வெப்பம் வேண்டும். அதற்கு மேல், தொட்டியைச் சூடாக வைத்திருக்க, நல்ல மாதிரிகளில்கூட ஏறக்குறைய 10 வோட் ஓடிக்கொண்டே இருக்கும். நாளுக்கு 0.24 யூனிட், மாதம் 7 யூனிட்டுக்குச் சற்று மேல். வெப்பம் காக்கும் உறை மட்டமான மாதிரி என்றால் இன்னும் கூடும். பாவிக்கும் யூனிட் கூடக் கூட எங்கள் மின்கட்டண வீதமும் படிப்படியாக ஏறுவது என்பதால், இந்த ஏழு யூனிட்டும் பில்லின் உச்சிப் படியில்தான் போய் உட்காரும்.

"கேத்திலில் தேவைக்கு மேல் கொதிக்க வைத்து வீணாக்குகிறீர்களே" என்பது விற்பவர்களுடைய அடுத்த வாதம். குளிர் நாட்டில் அது நியாயம். அங்கே மாரியில் குழாய் நீர் 10 பாகைக்குக் கிட்ட இருக்கும்; கூடுதலாகக் கொதித்த தண்ணீர் ஆறிப்போனால், அடுத்த முறை முதலில் இருந்து சூடாக்க வேண்டும். எங்கள் வீடுகளில் கொதித்த தண்ணீர் வீணாவதில்லை. அம்பத்தலையில் சுத்திகரித்து வந்தாலும், தொடர்மாடியின் நிலத்தடித் தொட்டி, மொட்டைமாடித் தொட்டி என்று சுற்றி வருவதால் நிறையப் பேர் கொதிக்க வைத்து ஆறவைத்துத்தான் குடிக்கிறோம். கேத்திலில் மிஞ்சியது பானைக்கோ போத்தலுக்கோ போகிறது. ஆகவே இங்கே சேமிக்க இடமே இல்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று மட்டும் நினைத்து யாரும் இதை வாங்க வேண்டாம்.

நேரம்? 2000 வோட் கேத்தில் ஒரு லீற்றரை மூன்று நிமிடத்துக்குள் கொதிக்க வைக்கும். ஒரு கோப்பைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. குழாயில் உடனே வரும். நாளுக்கு இரண்டு மூன்று முறை தேத்தண்ணி போடும் வீட்டில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் நிச்சயம் தெரியும்.

சரி, சமையலுக்கு எப்படி உதவும் என்று பார்த்தால், இங்கே குழாய்க்குச் சார்பான விஷயம் ஒன்று உண்டு. நாங்கள் பெரும்பாலும் பால்மா கரைத்துத் தேத்தண்ணி போடுகிறவர்கள். பாலை அடுப்பில் காய்ச்சி அதிலேயே தேயிலை போடும் இந்தியப் பழக்கம் என்றால் இந்தக் குழாயால் பெரிய பயன் இல்லை; பால்மாவுக்கும் பிளேன்டீக்கும் கொதிநீர் ஒன்றே போதும். கொத்தமல்லி அவிப்பதற்கு எப்படியும் அடுப்பு வேண்டும்.

இடியாப்ப மா குழைப்பதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வறுத்த மாவில் உப்புப் போட்டு, இடது கையால் கேத்திலைச் சரித்து மெல்லிய தாரையாக விட்டுக்கொண்டே, வலது கையில் அகப்பைக் காம்பால் கிளறுவோம். தண்ணீர் போதுமா என்பது கையிலேயே தெரியும். அரைக் கோப்பை கூடினால் மா பிசுபிசுத்துவிடும். கொதிநீர்க் குழாயிலோ நீராவியும் காற்றும் கலந்து, சீறிக்கொண்டு தெறித்து வரும். பிள்ளைகளின் கைக்குப் பாதுகாப்பாக, பிடியை அழுத்தித் திருப்பினால்தான் திறக்கும். மாச்சட்டியை அதன் கீழே பிடித்து, ஒரு கையால் திருப்பி, மறு கையால் கிளறுவது நடக்கிற காரியமில்லை. கடைசியில் ஒரு ஜக்கில் பிடித்துத்தான் ஊற்றுவீர்கள். அப்படியென்றால் கேத்திலே அந்த ஜக் தானே.

கொழும்புத் தொடர்மாடிகளில் பலருக்கும் தெரியாமல் போகிற விஷயம் நீரழுத்தம். பல மாதிரிகள் குறைந்தது 1 அல்லது 2 பார் அழுத்தம் கேட்கும். மொட்டைமாடித் தொட்டி 10 மீற்றர் உயரத்தில் இருந்தால்தான் கீழே 1 பார் கிடைக்கும். மேல்மாடி வீட்டுக்கு மொட்டைமாடித் தொட்டி மூன்று மீற்றர்தான் மேலே என்றால் 0.3 பார்தான். அப்புறம் அழுத்தம் கூட்டும் மோட்டர் தனியாகப் பூட்ட வேண்டும். கரண்ட் போனால் அந்த மோட்டரும் நிற்கும். தொட்டிக்குள் சுடுநீர் இருந்தும் வெளியே வராது. 2022 மின்வெட்டுக் காலத்தையும், 2025 பெப்ரவரியில் ஒரு ஞாயிறு நாடு முழுக்க இருண்டதையும் நினைத்துப் பாருங்கள். அந்த நேரங்களில் காலையில் நிரப்பிய பிளாஸ்க் பின்னேரம் வரை சூடாகவே இருந்தது. அதற்குக் கரண்டும் வேண்டாம், தண்ணீர் அழுத்தமும் வேண்டாம்.

விலையில் ஒப்பீடே இல்லை. பிரித்தானியாவில் குவூக்கர் 1000 பவுணைத் தாண்டும். எங்கள் காசுக்கு நான்கு இலட்சம் ரூபா அளவில் வரும். அதோடு வடிகட்டி மாற்றும் செலவும் உண்டு. நல்ல கேத்திலும் நல்ல பிளாஸ்க்கும் சேர்த்து அதில் மிகச் சிறு பங்குதான். கேத்தில் பழுதானால் புறக்கோட்டையில் அன்றே இன்னொன்று வாங்கலாம். குழாயின் வெப்பச் சுருளோ வால்வோ போனால்? 2020இல் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளின் போது உதிரிப்பாகத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். வாங்குவதென்றால், இங்கேயே திருத்தித் தரும் ஆள் யார் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உப்புப் படிவு கொழும்புக்குப் பெரிய கவலை இல்லை, இங்கே வரும் களனி ஆற்று நீர் மென்மையானது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்று நீரில் இந்தக் குழாயைப் பூட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு. 3 முதல் 5 லீற்றர் கொள்ளும் மின்சார சுடுநீர்க் கலன், தெர்மோபொட். மேசையில் வைத்து, அழுத்தினால் கொதிநீர் வரும். சிலவற்றில் 80, 90, 98 என்று வெப்பத்தையும் தெரிவு செய்யலாம். சுவரைத் துளைக்கத் தேவையில்லை, வாடகை வீட்டை விட்டுப் போகும்போது கையோடு கொண்டுபோகலாம். கரண்ட் இல்லாதபோதும் கையால் அழுத்தி நீர் எடுக்கக்கூடிய மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள்.

அப்படியென்றால் குழாய் யாருக்கு? கைநடுக்கமோ மூட்டுவாதமோ உள்ள பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு. ஒன்றரை லீற்றர் கொதிநீரோடு கேத்திலைத் தூக்கிச் சரிப்பது அவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஆபத்து. கோப்பையைக் குழாயின் கீழே வைத்துவிட்டுப் பிடியைத் திருப்பினால் போதும் என்பது அங்கே வெறும் வசதி இல்லை, பாதுகாப்பு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்துகொண்டு அம்மா அப்பாவுக்கு என்ன வாங்கி அனுப்பலாம் என்று கேட்டால், அழுத்தம் போதுமான வீடாக இருந்தால், நான் தயங்காமல் இதைச் சொல்வேன். பொருத்தும்போது ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மின்வேலைக்காரரைக் கொண்டு பார்க்க வேண்டும்.

மச்சாளின் வீடு நாலு பேர் உள்ள வீடு, எல்லோருக்கும் கை நன்றாக இருக்கிறது, மேல்மாடி வேறு. கேத்திலும் பிளாஸ்க்குமே போதும் என்று முடிவு செய்தோம். ஆனால் பின்னொரு நாள் குழாய் தேவைப்பட்டால் உதவும் என்று, குசினி உடைத்துக் கிடக்கும் இந்த நேரத்திலேயே சிங்கின் கீழே ஒரு 13 அம்பியர் பிளக்கும், குளிர்நீர்க் குழாயில் அடைப்பானோடு ஒரு கிளையும் வைக்கச் சொன்னேன். கிரனைட் போட்ட பிறகு அதைச் செய்ய இதைப்போல பல மடங்கு செலவாகும்.