எட்கர்: அமெரிக்க நிறுவனங்களின் திறந்த கோப்பறை

அமெரிக்கப் பங்குகளை ஆராய நினைப்பவர்கள் பெரும்பாலும் கட்டணச் செயலிகளிடமே முதலில் போகிறார்கள். அச்செயலிகள் காட்டும் வரவு, இலாபம், கடன் போன்ற எண்களுக்கு மூலமான ஆவணங்களோ, அந்நாட்டுப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான எஸ்.இ.சி. நடத்தும் எட்கர் தளத்தில், கணக்குத் தொடங்கும் தேவைகூட இல்லாமல், எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. மின்னணுத் தாக்கல் 1996-க்குள் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டதால், பழைய நிறுவனங்களுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு ஆவணங்களை ஒரே இடத்தில் பார்க்கலாம்.

தளத்தின் தோற்றத்தில் கவர்ச்சி எதுவும் இல்லை. நிறுவனத்தின் பெயரை இட்டால் படிவக் குறியீடுகளின் நீண்ட வரிசை வந்து நிற்கிறது. எதை முதலில் படிப்பது என்பதை நாமேதான் அறிந்திருக்க வேண்டும். 10-கே என்பது ஆண்டறிக்கை, 10-க்யூ காலாண்டறிக்கை, 8-கே என்பது முக்கிய நிகழ்வு நடந்தால் பொதுவாக நான்கு வேலை நாட்களுக்குள் தரவேண்டிய அறிவிப்பு, படிவம் 4 என்பது இயக்குநர்களும் உயர் அதிகாரிகளும் தம் நிறுவனப் பங்கை வாங்கினாலோ விற்றாலோ இரண்டு வேலை நாட்களுக்குள் தாக்கல் செய்வது. இந்த நான்கும் பழகிவிட்டால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

என் பார்வையில் இத்தளத்தின் உண்மையான மதிப்பு, ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆண்டுகளின் 10-கே அறிக்கைகளை அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் தெரிகிறது. இடர்களைப் பட்டியலிடும் பகுதி பெரும்பாலும் வழக்கறிஞர்களின் சலிப்பூட்டும் நடையில், ஆண்டுதோறும் மாறாமல் திரும்பத் திரும்ப வருவது; ஆனால் அதனாலேயே, புதிதாக நுழைந்த ஒரு பத்தியும் சத்தமின்றி நீக்கப்பட்ட ஒரு வரியும் எளிதில் கண்ணில் படுகின்றன. நிதிநிலை அறிக்கைக்குக் கீழே வரும் குறிப்புகளை யாரும் தாண்டிச் செல்லக் கூடாது. கணக்கு மோசடி அம்பலமாகி 2001 டிசம்பரில் திவாலான அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான், தன் மூத்த அதிகாரி ஒருவர் நிர்வகித்த கூட்டாண்மை நிறுவனங்களுடன் செய்த பரிவர்த்தனைகளைப் பற்றி, புரிந்துகொள்ளக் கடினமான நடையில் என்றாலும், 2000-ஆம் ஆண்டுக்கான அறிக்கையின் குறிப்பில் எழுதியே இருந்தது.

பலரும் திறக்காத இன்னொரு பகுதி, ஆணையமும் நிறுவனமும் எழுதிக்கொள்ளும் கடிதங்கள். வருவாயை இப்படிக் கணக்கிட்டது ஏன் என்று ஆணையம் கேட்பதும் அதற்கு நிறுவனம் தரும் விளக்கமும், பரிசீலனை முடிந்த பின் வெளியிடப்படுகின்றன. பங்குத் தரகு நிறுவனங்களின் பரிந்துரை அறிக்கைகளைவிட இவை எனக்குப் பல மடங்கு பயன்பட்டிருக்கின்றன. அதேபோல, 8-கே அறிவிப்புகளில் 4.01 என்ற எண் தணிக்கையாளர் மாற்றத்தையும், 4.02 என்ற எண் முன்பு வெளியிட்ட கணக்குகளை இனி நம்ப வேண்டாம் என்ற ஒப்புதலையும் குறிக்கும். இரண்டாவதைக் கண்டால் அந்தப் பங்கை நான் அப்படியே விட்டுவிடுவேன்.

இந்தியப் பங்குகளை மட்டுமே வைத்திருப்பவருக்கும் இங்கே வேலை உண்டு. அமெரிக்கச் சந்தையிலும் பட்டியலிடப்பட்டுள்ள இன்ஃபோசிஸ், ஐசிஐசிஐ வங்கி, எச்.டி.எஃப்.சி. வங்கி போன்றவை 20-எஃப் என்னும் ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்கின்றன. அதன் இடர்ப் பகுதி விரிவானது. இந்தியாவில் பங்குதாரர்களுக்கு அனுப்பப்படும் ஆண்டறிக்கையோடு ஒப்பிட்டுப் படிப்பது நல்ல பயிற்சி.

குறைகளும் உண்டு. ஆவணங்களுக்குள் சொல் தேடும் வசதி 2001-க்கு முந்தைய தாக்கல்களைத் தொடுவதில்லை. நூறு நிறுவனங்களை நிதி விகிதங்களின்படி வடிகட்டும் கருவி தளத்தில் இல்லை. நிரல் எழுதத் தெரிந்தவர் மட்டும் இலவசத் தரவு இணைப்பைக் கொண்டு அதைத் தாமே செய்துகொள்ளலாம். நூறு பக்கத்தைத் தாண்டும் அறிக்கையைக் கைப்பேசியில் படிப்பது கண்ணுக்குத் தண்டனை. பெரிய முதலீட்டாளர்களின் கையிருப்பைக் காட்டும் 13-எஃப் படிவத்தைப் பார்த்து அவர்களைப் பின்தொடர நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: காலாண்டு முடிந்து 45 நாட்கள் வரை அவகாசம் இருப்பதால், அது நம் கைக்கு வரும்போது அவர்கள் அந்தப் பங்கை விற்றும் முடித்திருக்கலாம்.