ஸ்கூட்டர் ஆயில் சர்வீஸ்: கம்பெனி சென்டரா, தெருமுனை மெக்கானிக்கா, வீட்டு வாசலா?

இலவச சர்வீஸ் கூப்பன்கள் தீர்ந்ததும் ஸ்கூட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் வரும் கேள்வி இது. அடுத்த ஆயில் சர்வீஸை எங்கே செய்வது? கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே தொடரலாம், தெருமுனை மெக்கானிக்கிடம் விடலாம், இல்லை நாமே வீட்டு வாசலில் செய்துகொள்ளலாம். என் ஆக்டிவாவுக்கு மூன்றையும் பார்த்தாகிவிட்டது. இப்போது வீட்டு வாசல்தான், இனி மாறுகிற எண்ணமும் இல்லை. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பேசப்போவது வழக்கமான வேலைகளைப் பற்றி மட்டும்: இன்ஜின் ஆயில், கியர் ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக். பெல்ட், டேப்பெட் (இன்ஜின் வால்வுகளின் இடைவெளி) எல்லாம் வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

வாரண்டி இருக்கும்வரை கம்பெனி சென்டர்தான் சரி. கூப்பன் சர்வீஸை விட்டுவிட்டு, பின்னால் ஏதாவது பழுதுக்கு வாரண்டி கேட்டுப் போனால் அதையே காரணம் காட்டுவார்கள். சரியான தரத்தில் ஆயில், ஒரிஜினல் பார்ட்ஸ், பில் எல்லாம் முறையாகக் கிடைக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு பெரும்பாலான ஸ்கூட்டர்கள் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிந்தால் என்ன கோளாறு என்று படித்துச் சொல்லும் கருவி அங்கே இருக்கும். குறை ஒன்றுதான். காலையில் வண்டியை விட்டுவிட்டு மாலையில் எடுக்கிறோம், நடுவில் நடந்ததற்கு ஜாப் கார்டில் போட்ட டிக் மட்டுமே சாட்சி.

தெருமுனை மெக்கானிக்கிடம் அந்தக் குறை கிடையாது. நம் கண் முன்னால் அரை மணி நேரத்தில் வேலை முடியும், கூலியும் குறைவு. நல்ல மெக்கானிக் சத்தத்தை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடுவார். ஆனால் இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஒன்று, பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 ஆயிலையே ஸ்கூட்டருக்கும் ஊற்றுவது. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடும், அது வழுக்கக் கூடாது என்பதால் அதற்கு ‘ஜாசோ எம்ஏ’ வகை (ஜாசோ என்பது டப்பாவில் போட்டிருக்கும் ஜப்பானியத் தரக் குறி). ஸ்கூட்டரில் கிளட்ச் தனி அறையில், ஆயில் படாமல் இருக்கிறது. அதனால் உராய்வை இன்னும் குறைக்கும் ‘ஜாசோ எம்பி’ வகை ஆயிலை, பெரும்பாலும் 10டபிள்யூ-30 தடிமனில், கம்பெனியே சொல்கிறது. பைக் ஆயிலை ஒருமுறை ஊற்றினால் இன்ஜின் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் சொன்ன ஆயில் அதே விலைக்குப் பக்கத்து ஸ்பேர் கடையில் கிடைக்கும்போது எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்? இரண்டாவது, ஏர் ஃபில்டரைக் கழற்றி காற்றடித்து மறுபடியும் மாட்டுவது. ஆக்டிவா போன்ற வண்டிகளில் இருப்பது எண்ணெய் தடவிய காகித ஃபில்டர். தூசியைப் பிடித்து வைப்பதே அந்த எண்ணெய்ப் பசைதான். காற்றடித்தால் பசையும் போகும், காகிதமும் கிழியும். அழுக்கானால் மாற்ற வேண்டியதுதான், சுத்தம் செய்வது கிடையாது.

இதுவரை சொன்னதெல்லாம் யாரும் சொல்லக்கூடியது. என்னை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்த காரணம் வேறு. அது இன்ஜினுக்கு அடியில், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெய்ன் போல்ட்டின் மரை, அதாவது திருகுப் புரி.

ஸ்கூட்டர் இன்ஜின் கேஸ் அலுமினியம், போல்ட் இரும்பு. இரண்டில் எது முதலில் தேயும் என்று சொல்ல வேண்டியதில்லை. போல்ட் தேய்ந்தால் சில ரூபாயில் புதிது வாங்கலாம், தேய்வது கேஸில் இருக்கும் மரை. மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டி, 3,000-க்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் வருடத்துக்கு இரண்டு முறை. ஒரு ஸ்கூட்டரைப் பத்து வருடம் வைத்திருந்தால் அந்த ஒரே ஓட்டையில் போல்ட் இருபது முறை கழன்று இருபது முறை ஏறும். அதில் ஒரே ஒருமுறை யாராவது முரட்டுத்தனமாக இறுக்கினால் போதும்.

முரட்டுத்தனம் என்றால் எவ்வளவு? இந்த மாதிரி போல்ட்டுக்குக் கையேடுகள் சொல்லும் இறுக்கம் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் சுற்றளவில் இருக்கும். 24 என்றே வைத்துக்கொள்வோம். 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் சுமார் 12 கிலோ அழுத்தம் கொடுத்தால் அது வந்துவிடும். 30 சென்டிமீட்டர் கைப்பிடி என்றால் 8 கிலோவே போதும். அதே நீளக் கைப்பிடியில் ஒரு ஆள் உடம்பைச் சாய்த்து 25 கிலோ அழுத்தினால் தேவையைப் போல மூன்று மடங்கு இறுக்கம் ஏறுகிறது. வேலை செய்கிறவருக்கு அது சாதாரணமாகத்தான் தெரியும். ஆயில் ஒழுகிவிட்டது என்று வாடிக்கையாளர் திரும்பி வரக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் கடைசியில் இன்னும் ஒரு இழுப்பு இழுக்கிறார். காற்றழுத்தத்தில் சுற்றும் ஏர் கன் வைத்து இறுக்கும் இடங்களில் கைக்கு அந்தக் கணக்கே தெரியாது.

என் வண்டிக்கு நடந்ததும் இதுதான். ஒரு சர்வீஸ் சென்டரில் ஏர் கன்னால் ஏற்றிய போல்ட்டை அடுத்த முறை கழற்றியபோது, அதன் மரை இடுக்குகளில் அலுமினியச் சுருள் ஒட்டிக்கொண்டு வந்தது. விரலால் எடுத்தேன், பளபளவென்று, முடி மாதிரி மெல்லிசாக. கேஸின் மரைதான் அப்படி உரிந்து வந்திருக்கிறது. போல்ட்டைத் திரும்பப் போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்கவில்லை. லேத் பட்டறையில் ஓட்டையைப் பெரிதாக்கி, பஷ் (உள்ளே செருகும் உலோகக் குழல்) போட்டு, புது மரை வெட்டித் தந்தார்கள். நல்ல கைவேலைக்காரர் கிடைத்ததால் இன்றுவரை ஒழுக்கு இல்லை. அது சரிவராமல் போயிருந்தால் அடுத்த வழி கேஸை மாற்றுவது. அதற்கு இன்ஜினைக் கீழே இறக்கி இரண்டாகப் பிளக்க வேண்டும். வண்டியை விற்கும்போதும் இது சும்மா விடாது. வாங்க வருகிறவர் கூட்டிவரும் மெக்கானிக் முதலில் இன்ஜினுக்கு அடியில் கையை விட்டுத்தான் பார்ப்பார். விரலில் ஆயில் பட்டால் விலை அங்கேயே இறங்கும்.

வீட்டில் செய்யும்போது இந்த ஒரு இடம் முழுக்க நம் கையில் இருக்கிறது. சென்னையில் ஜி.பி. ரோடு பக்கம் போனால் சின்ன டார்க் ரெஞ்ச் கிடைக்கும், வைத்த அளவு இறுக்கம் வந்ததும் ‘டிக்’ என்று காட்டிக்கொடுக்கும் ஸ்பேனர் அது. வாங்கும்போது 24 என்ற எண் அதன் அளவுகோலின் நடுப்பகுதியில் வருகிற மாதிரி பார்த்து வாங்குங்கள். கார் வீல் நட்டுக்கான பெரிய ரெஞ்சில் இவ்வளவு குறைந்த இறுக்கம் துல்லியமாகத் தெரியாது. போல்ட் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஆறு முனை சாக்கெட் வேண்டும், பன்னிரண்டு முனை உள்ளது தலையை வழித்துவிடும். போல்ட்டுக்கான வாஷர் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். அது நசுங்கித்தான் ஆயிலை அடைக்கிறது. நசுங்கின பழைய வாஷரோடு ஒழுக்கை நிறுத்தப் பார்க்கும்போதுதான் எல்லோரும் அதிகமாக இறுக்குகிறார்கள். மலிவான அந்த வாஷரை மாற்றாததுதான் பாதி மரைச் சேதத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

வேலை இப்படித்தான். வண்டியை ஐந்து நிமிடம் ஓட்டி இன்ஜினை வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள், கொதிக்கக் கொதிக்க வேண்டாம். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, அடியில் பழைய பேப்பர் விரித்து, ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைப் படுக்கவைத்து ஒரு பக்கத்தை வெட்டினால் கிடைக்கும் தட்டை அதன்மேல் வையுங்கள். ஸ்கூட்டருக்கு அடியில் உயரம் குறைவு, பக்கெட் எல்லாம் நுழையாது. மேலே டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) கழற்றிவிட்டால் கீழே ஆயில் சீராக இறங்கும். சொட்டுவது நின்றதும் பனியன் வேஸ்ட்டால் ஓட்டையின் வாயைத் துடைத்து, புது வாஷரோடு போல்ட்டை வெறும் விரலால் ஏற்றுங்கள். நான்கைந்து சுற்று விரலிலேயே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தடுத்தால் மரை மேல் மரை ஏறுகிறது என்று அர்த்தம், உடனே கழற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். கடைசியில்தான் டார்க் ரெஞ்ச். ‘டிக்’ என்றதும் கையை எடுத்துவிட வேண்டும்.

ஊற்றுவதில்தான் சின்ன எரிச்சல். டிப்ஸ்டிக் ஓட்டை பக்கவாட்டில் சாய்வாக இருப்பதால் சாதாரண புனல் நிற்காது. வளையும் கழுத்துள்ள புனல் வாங்கிவிட்டால் தீர்ந்தது. கையேட்டில் சொன்ன அளவை அப்படியே கவிழ்த்துவிடாமல் கொஞ்சம் மீதி வைத்து ஊற்றி, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து அளவு பாருங்கள். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா நுழைத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் குச்சி இன்னும் உள்ளே போய், இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். உங்கள் வண்டிக்கு எப்படி என்று கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பழக்கம் வந்துவிட்டால் இன்னொரு நன்மையும் சேர்ந்து வருகிறது: இரண்டு சர்வீஸுக்கு நடுவிலும் குச்சியை எடுத்துப் பார்க்கத் தோன்றும். சென்னைக்காரர்களுக்கு இது முக்கியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டிகளை அப்படியே ஸ்டார்ட் செய்தவர்கள் எத்தனையோ பேர். தண்ணீர் உள்ளே போயிருந்தால் பெரும்பாலும் டிப்ஸ்டிக்கிலேயே தெரியும், ஆயில் வெளுத்துக் கலங்கியிருக்கும். அதைப் பார்த்துவிட்டால் செல்ஃப் பட்டனைத் தொடவே மாட்டீர்கள்.

போல்ட்டையே தொடாமல் இருக்க ஒரு மாற்று உண்டு. டிப்ஸ்டிக் ஓட்டை வழியாக ட்யூபை விட்டுக் கைப்பம்பால் ஆயிலை உறிஞ்சி எடுப்பது. மரைக்கு ஆபத்தே இல்லை, குனியவும் வேண்டாம் என்பதால் எனக்கும் ஆசை வந்தது. வாங்காமல் விட்டதற்குக் காரணம் ஸ்கூட்டரில் இருக்கும் ஆயிலின் அளவு. மொத்தமே 700 மில்லியைச் சுற்றித்தான். ட்யூப் எட்டாமல் 100 மில்லி அடியில் தங்கினாலே ஏழில் ஒரு பங்கு பழைய ஆயில். அடியில் படியும் துகள்களும் அந்தக் கடைசி 100 மில்லியில்தான் இருக்கும். முட்டி மடக்கி உட்கார முடியாதவர்களுக்கு இது பரவாயில்லாத வழியாக இருக்கலாம். நான் பயன்படுத்தியதில்லை என்பதால் அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

கியர் ஆயிலும் இதே முறைதான், அளவு 100 மில்லியை ஒட்டி. போல்ட் இன்னும் சின்னது, இறுக்கமும் அதற்கேற்பக் குறைவு. பிளக் மாற்றுவது அதைவிட எளிது, ஆனால் இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு. அங்கேயும் அலுமினிய மரைதான், முதல் சுற்றுகள் விரலில்தான்.

வீட்டு வாசலின் எல்லை எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். டிரைவ் பெல்ட், ரோலர், கிளட்ச் கழற்ற பிடிமானக் கருவி வேண்டும், டேப்பெட் அளவெடுக்கப் பழகிய கை வேண்டும். இவற்றுக்கு நான் இன்னும் மெக்கானிக்கிடம்தான் போகிறேன். இன்ஜின் விளக்கு எரிந்தால் கம்பெனி சென்டர். என் அனுபவம் ஒரு 110 சிசி வண்டியோடு சரி. 125, 150 சிசி வண்டிகளில் சிலவற்றில் காகித ஆயில் ஃபில்டரும் சேர்ந்து வரும், அங்கே வேலை ஒரு படி கூடும்.

பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ ஊற்றக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பயன்படுத்திய ஆயிலும் வருகிறது. புது ஆயில் வந்த டப்பாவிலேயே நிரப்பி, மூடி, தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் பேரலில் சேர்த்து, எடுத்துப் போகிறவர்களிடம் கொடுக்கிறார்.

அடுக்குமாடியில் வண்டியை நிறுத்தவே இடமில்லை, வாசலில் ஆயில் சிந்தினால் அசோசியேஷனில் சண்டை வரும் என்பவர்களும் கம்பெனி சென்டரோடு நின்றுவிட வேண்டியதில்லை. எம்பி வகை ஆயில் ஒரு டப்பா, புது வாஷர் இரண்டு, முடிந்தால் டார்க் ரெஞ்ச், இவற்றை நீங்களே வாங்கிக்கொண்டு தெரிந்த மெக்கானிக்கிடம் போங்கள். “அண்ணே, போல்ட்டை மட்டும் இதால இறுக்கிடுங்க” என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் தெரு அண்ணனிடம் கேட்டேன், தயங்காமல் வாங்கிக்கொண்டார். கூலியை மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள்.