கம்பளத்தைத் தூக்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்

பழைய கார் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கும் வடசென்னைக்காரர்கள், விற்பனைக் கூடத்துக்குள் நுழையும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். 3,85,000 ரூபாய் கொடுத்து, வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த ஒரு காரை நான் வாங்கி வந்திருக்கிறேன். அது மூழ்கிய வண்டி என்பது விற்றவருக்குத் தெரியும். எனக்கு ஐந்து வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

எங்கள் வீடு திருவொற்றியூரில். அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை ஸ்டான்லி மருத்துவமனையில் டயாலிசிஸ். முடித்துவிட்டு வெளியே வரும்போது அவருக்கு நிற்கக்கூடத் தெம்பிருக்காது. அந்த நிலையில் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு வருவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் கார் வாங்க முடிவு செய்தோம். அப்பாவின் சேமிப்பு இரண்டு லட்சம், மனைவியின் வளையல்களை அடகு வைத்தது ஒரு லட்சம், மிச்சம் என்னுடையது.

2025 மார்ச் மாதம், மூலக்கடையைத் தாண்டி மாதவரம் பக்கம் உள்ள ஒரு பழைய கார் விற்பனை நிலையத்துக்குப் போனோம். கண்ணாடிச் சுவர், குளிர்சாதனம், உட்கார்ந்ததும் காபி. 2018 மாடல் சிறிய பெட்ரோல் கார் ஒன்றைக் காட்டினார்கள். ஒரே உரிமையாளர், 41,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றார்கள். வண்டி எண்ணை எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பார்த்தேன். கடன் பதிவு இல்லை, அபராத பாக்கி இல்லை, காப்பீடு நடப்பில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. ஆனால் வண்டி தண்ணீரில் கிடந்ததா என்பதை அந்தச் செயலி சொல்லாது.

என் அப்பா காசிமேட்டில் முப்பது வருடம் விசைப்படகு எஞ்சின் வேலை பார்த்தவர். காருக்குள் தலையை விட்டதுமே அவர் முகம் மாறிவிட்டது. உள்ளே வாசனைப் புட்டி மூன்று வைத்திருந்தார்கள். "இவ்வளவு வாசனை எதற்குத் தம்பி?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். பிறகு குனிந்து, ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே கம்பளத்தின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கப் போனார். உடனே விற்பனையாளர் ஓடிவந்தார். "ஐயா, எல்லாம் புதிதாகப் போட்டிருக்கிறோம், பிய்ந்துவிடும். வாங்கிக்கொண்டு போய் வீட்டில் நிதானமாகப் பாருங்கள்" என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான், "விடுங்கள் அப்பா" என்றேன். அத்தனை பேர் நடுவில், பளபளக்கும் அந்தத் தரையில் அப்பா மண்டியிட்டுக்கொண்டிருப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த ஒரு வார்த்தைக்காக இன்றுவரை வருந்துகிறேன்.

சாயங்காலம் செங்குன்றத்திலிருந்து வேறு ஒருவர் முழுப் பணத்தோடு வருவதாகச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். 25,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். எங்கள் மெக்கானிக்கை அழைத்து வரலாமா என்று அதன் பிறகுதான் கேட்டேன். தாராளமாக வரட்டும், ஆனால் வண்டி வேண்டாம் என்றால் முன்பணம் திரும்ப வராது என்றார்கள். இரண்டு நாளில் மிச்சத்தையும் கொடுத்தேன். அதில் ஒரு லட்சத்தை ரொக்கமாகத்தான் வேண்டும் என்று வாங்கிக்கொண்டு, 2,85,000 ரூபாய்க்கு மட்டும் ரசீது கொடுத்தார்கள். வண்டியை எடுக்கும்போது நீட்டிய தாளில், "உள்ளது உள்ளபடி பார்த்து, திருப்தியடைந்து பெற்றுக்கொண்டேன்" என்ற வரி சிறிய எழுத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். ஆர்.சி. ஒரு மாதத்தில் என் பெயருக்கு மாறி வீட்டுக்கே வந்துவிடும் என்றார்கள்.

ஐந்தாவது வாரம், சிகிச்சை முடிந்து அம்மாவைப் பின்னிருக்கையில் படுக்க வைத்து எண்ணூர் விரைவுச் சாலையில் வந்துகொண்டிருந்தேன். காசிமேடு தாண்டியதும் ஸ்டியரிங்குக்கு முன்னால் உள்ள பலகையில் இருந்த எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்து, ஒரே நேரத்தில் அணைந்தன. எஞ்சின் நின்றது. மின்சாரத்தில் இயங்கும் ஸ்டியரிங் என்பதால் அதுவும் கல்லாக இறுகிவிட்டது. முன்னும் பின்னும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். பின்னால் வந்த டிரெய்லர் ஓட்டுநர் வண்டியைக் குறுக்கே நிறுத்தி மற்ற லாரிகளை மறித்துக்கொள்ள, அவருடைய உதவியாளர் எங்கள் காரைத் தள்ளி ஓரம் சேர்த்தார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். அந்த இருவருக்கும் என் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

தண்டையார்பேட்டையில் அப்பாவின் பழைய நண்பர் ஒருவருடைய பட்டறைக்கு வண்டியை இழுத்துச் சென்றோம். இருக்கைகளைக் கழற்றிக் கம்பளத்தைச் சுருட்டினார்கள். அடியில் சாம்பல் நிறத்தில் காய்ந்த வண்டல், பவுடர் போல விரலில் ஒட்டியது. இருக்கையைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகள் துருவேறிக் கிடந்தன. வயர்கள் ஒன்றோடொன்று சேரும் இணைப்புகளுக்குள் செம்பு பச்சை பூத்திருந்தது. வண்டல் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும் என்று அந்த நண்பர் விளக்கினார். அதனால்தான் மூழ்கிய வண்டி உடனே படுக்காமல், மாதக்கணக்கில் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்து, ஓடும்போது திடீரென்று கைவிடுகிறது. முன்னிருக்கை பெல்ட்டுகளை மாற்றியிருந்தார்கள். பின்னிருக்கை பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தபோது, சுருளுக்குள் இருந்த கடைசி முழம் காவி நிறத்தில் இருந்தது.

என்னை நடுங்க வைத்தது வேறொன்று. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். எங்கள் வண்டியில் அது எரியவே இல்லை. ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி தண்ணீரில் கெட்டுவிட்டதால் விளக்கு அணையாமல் எரிந்திருக்கிறது. அதை மறைக்க விளக்கின் இணைப்பையே துண்டித்திருக்கிறார்கள். இத்தனை நாள் அம்மாவை அந்த வண்டியில்தான் அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன்.

ஆர்.சி. நகலில் இருந்த முகவரியைப் பிடித்து, வேளச்சேரியில் முந்தைய உரிமையாளரைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வண்டி இருக்கைக்கு மேல்வரை இரண்டு நாள் தண்ணீரில் நின்றதாம். காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அவர் கையெழுத்திட்ட உரிமை மாற்றப் படிவங்களோடு வண்டியை எடுத்துக்கொண்டது. அது காயலான் கடைக்குப் போய்ப் பிரிக்கப்பட்டிருக்கும் என்றே அவர் நினைத்திருந்தார். அப்போது சர்வீஸ் நிலையம் கொடுத்த மதிப்பீட்டுத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தார். அதில் ஓடிய தூரம் 76,412 கிலோமீட்டர்.

வண்டி இன்னமும் தன் பெயரில் இருக்கிறது என்று கேட்டதும் அவர் ஆடிப்போய்விட்டார். அவர் பயம் நியாயமானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, மாநிலத்துக்குள் கைமாறினால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விபத்து நடந்தால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும், விற்பதற்காக வண்டி தங்கள் கைக்கு வந்ததை இணையவழி தெரிவிக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. எனக்கு விற்ற இடத்தில் அந்தச் சான்றைக் கேட்டேன். அப்படி ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்பது போலப் பார்த்தார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

மதிப்பீட்டுத் தாளைக் காட்டியதும் மேலாளரின் குரல் மாறியது. "பார்த்துத்தானே சார் எடுத்தீர்கள், கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள்" என்றார். கடைசியில் பெரிய மனது செய்வது போல, 1,60,000 ரூபாய்க்கு அவரே திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எடுத்து என்ன செய்வார்? மறுபடியும் வாசனைப் புட்டி வைத்து, இன்னொரு குடும்பத்துக்கு விற்பார். நான் கொடுக்கவில்லை. மறுநாளிலிருந்து என் அழைப்பை அங்கே யாரும் எடுப்பதில்லை.

காவல் நிலையத்தில் மனு கொடுத்து ஏற்புச் சான்று வாங்கி வைத்திருக்கிறேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். வழக்கறிஞர் நோட்டீசுக்குப் பதில் வராததால், இப்போது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள் தொடுத்துவிட வேண்டும். ரசீது இல்லாத அந்த ஒரு லட்சத்தை எப்படி நிரூபிப்பது என்பதுதான் வழக்கறிஞரின் கவலை. தயவுசெய்து ஒரு ரூபாயைக்கூட ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வெளியிலிருந்து மெக்கானிக் வரக்கூடாது என்றாலோ, கம்பளத்தைத் தூக்கக்கூடாது என்றாலோ, அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டோமே என்று தயங்க வேண்டாம்.

கார் எங்கள் தெருமுனையில் தார்ப்பாயின் கீழ் நிற்கிறது. அம்மா மறுபடியும் ஆட்டோவில்தான் போய் வருகிறார். அப்பா ஒரு பிளாஸ்டிக் உறையில் அந்த வண்டலையும், இன்னொன்றில் துருப்பிடித்த நான்கு போல்ட்டுகளையும் போட்டு, எந்த இடத்தில் எடுத்தது, யார் முன்னிலையில் எடுத்தது என்று தன் கையால் எழுதி ஒட்டி வைத்திருக்கிறார். அடுத்த விசாரணைக்கு அவரும் வருகிறார். இந்த முறை அவரை யாரும் தடுக்க நான் விடமாட்டேன்.