புகைமூட்டம்: தனிக் குறியீடா, பொது அளவீடா?

புகைமூட்டத்தை ஒவ்வொரு நாடும் தன் காற்றுத்தரக் குறியீட்டால் அளப்பது ஒரு வழி. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள் கூடிப் பொது அளவீட்டை வகுப்பது மற்றொன்று. முதலாவதில் மக்களுக்குப் பழகிய எண் மாறாது. ஆனால் பிஎம் 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டரோ அதற்குக் குறைவோ விட்டமுள்ள நுண்துகளைச் சிங்கப்பூர் 2014இலும் மலேசியா 2018இலும் தத்தம் குறியீட்டில் சேர்த்ததால், இடைப்பட்ட ஆண்டுகளில் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸிலும் கடற்பாலத்துக்கு அப்பால் ஜோகூர் பாருவிலும் ஒரே புகையைச் சுவாசித்தவர்கள் வெவ்வேறு அடிப்படையில் கணக்கிட்ட எண்களையே பார்த்தார்கள். பிள்ளையைத் திடலுக்கு அனுப்பலாமா எனத் தவிக்கும் பெற்றோருக்கு இது சிறிய குறையன்று.

பொது அளவீடு எளிதில் கைகூடாது. 2002இல் கையெழுத்தான ஆசியான் புகைமூட்ட ஒப்பந்தத்தை, காட்டுத்தீப் புகை பெரும்பாலும் கிளம்பும் இந்தோனீசியா 2014இல்தான் ஏற்றது. இருப்பினும் இரண்டாவதே மேல் என்பேன்: குறியீடுகள் வேறாகவே இருக்கட்டும், ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் நுண்துகள் என்ற மணிநேர அளவையாவது எல்லா நாடுகளும் ஒரே முறையில் எடுத்து உடனுக்குடன் பகிர வேண்டும்.