கிளட்ச் அல்ல, ஸ்ப்ளைன்: ஒரு பட்டறையைப் பற்றி

கியர் விழுகிறது, எஞ்சின் உறுமுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்ற நிலையில், 30 ஆண்டுப் பழைய ஷாஃப்ட் டிரைவ் பைக்கை (செயினுக்குப் பதில் சுழலும் தண்டால் பின்சக்கரம் இயங்கும் வண்டி) இந்தப் பட்டறைக்குக் கொண்டுசென்றேன். முன்பு காட்டிய இடத்தில், எதையும் கழற்றிப் பார்க்காமலேயே கிளட்ச் போய்விட்டது என்று சொல்லியிருந்தார்கள். இங்கிருந்த மெக்கானிக்கோ வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முதல் கியரில் கிளட்ச்சை விட்டு, பின்பிரேக்கை மெல்ல அழுத்தினார். சக்கரம் நின்றது, எஞ்சின் அணையவில்லை, பின்சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பிலிருந்து நறநறவென்ற சத்தம் எழுந்தது. கிளட்ச் வழுக்கினால் இப்படிப் பல் அரைபடும் ஓசை வராது என்றார்.

சக்கரத்தைக் கழற்றியபோது, சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்த ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஸ்ப்ளைன் பற்கள் கத்திமுனைபோலத் தேய்ந்திருந்தன. காய்ந்த கிரீஸ் செந்துருப் பொடியாக உதிர்ந்தது. டயர் மாற்றும்போதெல்லாம் அங்கே மாலிப்டினம் கிரீஸ் பூசாமல் விட்டது என் தவறுதான். தண்டின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குத் திருப்பும் கியர் பெட்டியான ஃபைனல் டிரைவின் ஆயிலையும் வடித்துக் காட்டினார்: வடிகால் போல்ட்டின் காந்தத்தில் பசைபோல ஒட்டியிருக்கும் நுண்தூள் இயல்பானது, செதில் செதிலாக உலோகம் வந்தால்தான் பேரிங்கையும் கியரையும் சந்தேகிக்க வேண்டும் என்று விளக்கினார்.

குறையென்றால், உதிரிபாகம் வர 6 வாரங்கள் ஆனதும், அதுவரை ஒரு தகவலும் தராததுமே. ஆனாலும், கழற்றிய பழைய ஹப்பை நான் கேட்காமலேயே திருப்பித் தந்தார்கள்.