சிங்கப்பூர் பாஸுக்காக ஏஜென்டிடம் 1,85,000 ரூபாய் கட்டி ஏமாந்த கதை. கட்டப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இன்று காலையும் ஏஜென்ட் ஆபீசில் "சார் திருவனந்தபுரம் போயிருக்காரு" என்றுதான் சொன்னார்கள். சாரின் ஸ்கூட்டர் கீழே நிற்கிறது. 1,85,000 ரூபாய்!

நான் குமரி மாவட்டம், தக்கலைப் பக்கம். என் வீட்டுக்காரர் சிங்கப்பூர்க் குடிமகன், மாமனாருக்குப் பூர்வீகம் இரணியல். கல்யாணம் முடிந்ததும் அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். நான் அங்கே போய் அவரோடு தங்க எல்.டி.வி.பி. எனப்படும் நீண்டகால வருகை பாஸ் வேண்டும். டிக்கெட், விசா, அட்டஸ்டேஷன் எல்லாம் பார்க்கும் ஒரு கன்சல்டன்சி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்ல, அம்மாவும் நானும் போனோம். பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை.

அதை நடத்தும் ஏஜென்டை எப்படி நம்பினோம் என்று கேட்பீர்கள். சர்ச்சில் தந்த கல்யாண சர்டிபிகேட்டையும் என் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்திப் பார்த்தார். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, சர்டிபிகேட்டில் வெறும் இனிஷியல். "இத இப்பிடியே அனுப்பினா கேள்வி கேப்பான் மக்களே" என்றார். அது உண்மையான சிக்கல்தான், எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. அம்மாவுக்கு அந்த இடத்திலேயே நம்பிக்கை வந்துவிட்டது. "எனக்க மவ மாதிரி நீ. பைசாவப் பத்தி யோசிக்காத, பிளஸ் பாஸே வாங்கித் தாறேன்" என்றார். சாதாரண எல்.டி.வி.பி.யைவிடச் சலுகை கூடிய எல்.டி.வி.பி. பிளஸைத்தான் அப்படிச் சொன்னார். வளையல் அடகுக்குப் போனது. 1,85,000 ரூபாயையும் ரொக்கமாகவே வாங்கிக்கொண்டார். ரசீதில் 'ஆவணச் சேவை' என்று மட்டும் இருக்கிறது. பாஸ் என்ற சொல்லே இல்லை.

பிளஸ் பாஸ் பொதுவாக அங்கே குடியுரிமை உள்ள குழந்தை இருப்பவர்களுக்கு, இல்லாவிட்டால் கல்யாணமாகிக் குறைந்தது மூன்று வருஷம் ஆனவர்களுக்கு என்று பிறகுதான் தெரிந்தது. எனக்குக் கல்யாணப் பந்தல் பிரித்த பாக்கியே இன்னும் தீரவில்லை!

அப்புறம் அந்த ஏஜென்ட் என் வீட்டுக்காரரைப் போனில் பிடித்து, அவருடைய சிங்பாஸில் (சிங்கப்பூர் அரசுச் சேவைகளுக்குள் நுழையும் டிஜிட்டல் அடையாளக் கணக்கு) நுழைய அனுமதி கேட்டார். அவரும் ஷிப்ட் நடுவில் ஆப்பில் அனுமதி கொடுத்தார். "இனி நீங்க உள்ள போகாதீங்க, ரெண்டு பேர் தொட்டா ஃபைல் லாக் ஆயிரும்" என்று வேறு பயமுறுத்தி வைத்தார். ஃபைலே இல்லை, அப்புறம் எது லாக் ஆகும்?

மாதங்கள் போயின. சர்வர் மெதுவாக இருக்கிறது, அங்கே லீவு, பெரிய ஆபீசர் மாறிவிட்டார். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். நான் குரலை உயர்த்தினால் ரிசப்ஷனில் இருக்கும் பெண் காபி கொண்டுவந்து வைப்பாள். கடைசியில் என் வீட்டுக்காரர் பொறுமை இழந்து, இந்தப் பாஸைத் தரும் சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையமான ஐ.சி.ஏ.வின் தளத்தில் நுழைந்து பார்த்தார். என் பெயரில் விண்ணப்பமே கிடையாது. ஏஜென்ட் எழுதித் தந்த விண்ணப்ப நம்பரைப் போட்டால் ஒன்றும் வரவில்லை. அதைச் சொன்னதற்கு, "பைசா எல்லாம் பேப்பர் வேலைக்கே போச்சு" என்றார். எந்தப் பேப்பர்? நம் ஆவணம் வெளிநாட்டில் செல்ல வைக்கும் அப்போஸ்டில் முத்திரைக்கு வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய். அந்த முத்திரைகூட என் சர்டிபிகேட்டில் இல்லை. அதற்கா 1,85,000?

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பான்சர் கணவர்தான். அவரே தன் சிங்பாஸில் ஐ.சி.ஏ. தளத்துக்குப் போய் விண்ணப்பிக்கலாம், அரசுக் கட்டணம் லட்சக்கணக்கில் எல்லாம் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே தகுதியைப் பார்த்துச் சொல்லும் முன்மதிப்பீடும் அங்கே உண்டு, நிச்சயம் ஆனவர்கள் அதை முதலில் போடுங்கள். சிங்பாஸை யாருக்கும் திறந்துவிடாதீர்கள். 'உள்ள நம்ம ஆள் இருக்கான்' என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ரொக்கம் வேண்டவே வேண்டாம்.

என் அசல் சர்டிபிகேட் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. போலீசில் மனு கொடுத்திருக்கிறோம். 'ஆவணச் சேவை' என்று போட்ட ரசீது உங்கள் வீட்டிலும் இருந்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்த மனுவைச் சேர்ந்தே கொடுப்போம்.