கணினி கேபினெட்டுக்கு ஃபேன் போட ரூ. 6,500 கொடுத்தேன்: வடசென்னைக்காரர்கள் கவனிக்கவும்

ஐந்து ஃபேன், அவற்றை இணைக்க ஒரு ஹப், பொருத்தும் கூலி என்று ரூ. 6,500 வாங்கிக்கொண்டு, பழைய ஃபேன்களைத் திசை மாற்றி மாட்டி, கணினியின் முக்கியப் பலகையான மதர்போர்டையும் கெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இன்று மதியம் நியாயம் கேட்கப் போனபோது கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். புகார் கொடுக்கப் போவதால் கடையின் பெயரை இப்போது போடவில்லை. கணினி விற்பனை, பழுதுபார்ப்பு, சிசிடிவி என்று எல்லாவற்றுக்கும் பலகை மாட்டியிருக்கும் வகைக் கடை.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் திருமண ஆல்பம் வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. வைகாசி முகூர்த்தமும் கத்திரி வெயிலும் சேர்ந்தே வரும். வேலை குவிகிற நேரத்தில் அறை கொதிக்கும். என் கணினியின் செயலி 100 டிகிரியைத் தொட்டுவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; ஆல்பம் பக்கங்கள் நகரவே நகராது. கேபினெட்டில் பின்பக்கம் ஒரே ஒரு ஃபேன்தான் இருந்தது. அதனால்தான் அந்தக் கடைக்குப் போனேன்.

அன்று கடைக்காரர் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அம்மாவும் கூட வந்திருந்தார். அவருக்கு நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார். பக்கக் கதவைக் கழற்றி, கிராபிக்ஸ் கார்டுக்கு மேலே உள்ளங்கையை நீட்டிப் பார்த்து, “காற்றே இல்லையே தங்கச்சி, இது எப்படி மூச்சு விடும்?” என்றார். முன்பக்கம் மூன்று 120 மி.மீ. ஃபேன் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின்னால் ஒன்றும் மேலே ஒன்றும் வெளியே தள்ள வேண்டும்; உள்ளே வருவது சற்றுக் கூடுதலாக இருந்தால் இடுக்குகள் வழியாகத் தூசி நுழையாது என்று விளக்கினார். அத்தனையும் சரியான பேச்சு. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியையும் கடலோர உப்புக்காற்றையும் பற்றி அவரே பேசினார். பிறகு சீல் பிரிக்காத பெட்டி ஒன்றை எங்கள் கண் முன்னால் பிரித்து, ஃபேனை ஓடவிட்டு, டிஸ்யூ காகிதத்தை அதன் முகத்தருகே பிடித்தார். காகிதம் பச்சென்று ஒட்டிக்கொண்டது. “இந்த முகம் இழுக்கும். குறுக்குச் சட்டம் தெரிகிற பக்கம் தள்ளும். நம் ஏரியா பிள்ளையிடமா லாபம் பார்க்கப் போகிறேன்?” என்றார். இவ்வளவு தெரிந்த மனிதர், இவ்வளவு பொறுமையாகச் சொல்கிறவர் என்று நானும் அம்மாவும் முழுதாக நம்பினோம்.

ஃபேன் ஒன்று 900 வீதம் 4,500. பவர் சப்ளையிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் ஹப் 1,200. கூலி 800. ஆக ரூ. 6,500. பில் கேட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். பணத்தை யுபிஐ மூலம் அங்கேயே அனுப்பினேன். மாலையில் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

வீட்டில் போட்ட உடனே கரகரவென்ற சத்தம். வெப்பம் ஒரு டிகிரிகூட இறங்கவில்லை. அவர் காட்டியபடியே ஒரு டிஸ்யூ காகிதத்தை எடுத்து கேபினெட்டின் முன்பக்கம் பிடித்தேன். காகிதம் விலகிப் பறந்தது. பின்னால் பிடித்தேன், மேலே பிடித்தேன், எல்லா இடத்திலும் அதேதான். ஐந்தும் வெளியே தள்ளுகின்றன. உள்ளே இழுக்க ஒன்றும் இல்லை! அப்படியானால் இருக்கிற ஓட்டை இடுக்கு வழியாகவெல்லாம் தெருத் தூசிதானே உள்ளே வரும்? முன்பக்கத்தில் இருந்த தூசி வலையையும் காணவில்லை.

கதவைக் கழற்றிப் பார்த்தபோது வயிறு பற்றிக்கொண்டது. இறக்கைகளின் அடியில், துணியால் துடைத்தும் போகாத கருப்புப் பிசுக்கு. ஒரு ஃபேனைக் கழற்றி அதன் திருகுத் துளைகளைப் பார்த்தேன். புது ஃபேனில் அந்தப் பிளாஸ்டிக் துளை வழவழப்பாக இருக்கும், திருகு முதன்முறை இறங்கும்போதுதான் தன் மரையைத் தானே வெட்டிக்கொள்ளும். முன்பக்கத் திருகு ஒரு முகத்துத் துளைகளில்தான் இறங்கியிருந்தது. அவர்கள் தொடவே தேவையில்லாத எதிர் முகத்திலும் நான்கு துளைகளிலும் மரை வெட்டித் தேய்ந்திருந்தது. வேறு யாருடைய கணினியிலோ ஓடித் தேய்ந்த சரக்கு! எங்களுக்குப் பிரித்துக் காட்டிய புது ஃபேன் அந்த ஐந்தில் இல்லவே இல்லை.

ஹப்பும் இல்லை. ஐந்து ஃபேனையும் ஒரு பிரிப்பு வயரில் கோத்து, மதர்போர்டின் ஒரே ஒரு ஃபேன் முனையில் செருகியிருந்தார்கள். ஒவ்வொரு ஃபேனின் ஸ்டிக்கரிலும் 12 வோல்ட், 0.30 ஆம்பியர் என்று இருந்தது. ஐந்துக்கு 1.5 ஆம்பியர். என் போர்டின் கையேட்டில் அந்த முனைக்கு 1 ஆம்பியர்தான் வரம்பு. இதைச் சொல்ல நான் கடைக்குப் போன் செய்துகொண்டிருந்த நாட்களிலேயே ஒரு மதியம் கருகிய நாற்றம் வந்தது, ஃபேன்கள் நின்றன. பெரம்பூரில் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டியதில் அந்த முனை போய்விட்டது என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு கேட்ட பதில்கள்: “மாட்டிய பையன் வரட்டும்.” அடுத்து, “பையன் ஊருக்குப் போய்விட்டான்.” அடுத்து, “உங்கள் வீட்டு வயரிங் சரியில்லை.” பிறகு, “நீங்களே கழற்றிவிட்டீர்கள், இனி நான் பொறுப்பில்லை.” பில்லைக் கேட்டு அனுப்பிய செய்திகளைப் படித்துவிட்டு மௌனம். இன்று நேரில் நின்றபோது, “வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள், விவரமாகப் பேசலாம்” என்றார். கெட்டுப்போனது என் கணினி, கொடுத்தது என் உழைப்பில் வந்த ரூ. 6,500, ஆம்பியர் கணக்கைச் சொன்னதும் நான்தான். என்னிடம் பேச என்ன தடை? அம்மா மட்டும், “தம்பி, ‘தங்கச்சி’ என்று சொல்லித்தானே பணம் வாங்கினீர்கள்?” என்று கேட்டார். அதற்கும் பதில் இல்லை. அடுத்த வாடிக்கையாளரின் கேபினெட்டைத் திறக்கப் போய்விட்டார்.

எச்சரிக்கைகள் நிறைய எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. கணினியை விட்டுவிட்டு வராதீர்கள், மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். திருகுத் துளைகளைப் பாருங்கள். கடையிலேயே காகிதம் பிடித்துப் பாருங்கள். ஃபேன்களை எங்கே இணைத்தார்கள் என்று படம் எடுங்கள். பில் கையில் வராமல் பணம் அனுப்பாதீர்கள். பில் தராததே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன், ரூ. 5 லட்சம் வரை கொடுத்து வாங்கியவற்றுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. இதே வகைக் கடையில் ஏமாந்தவர்கள் இருந்தால் பணம் அனுப்பிய பதிவையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். கழற்றிய ஃபேன்களையும் தூக்கி எறியாதீர்கள்.